இணையதளத்துக்குச் செய்திக்குறிப்பு எழுதுவோர் கேட்கும் கேள்விகள்: பேக்லிங்க் எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது?

இணையதளம் நடத்துவோருக்குச் செய்திக்குறிப்பு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்ன பதிலையே மறுநாள் இன்னொருவருக்கு மின்னஞ்சலில் எழுத நேர்வதால், அடிக்கடி வரும் ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் நான்கு கேள்விகள் அடிப்படையானவை. அவற்றை அறிந்தவர்கள் ஐந்தாம் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

1. பிரஸ் ரிலீஸ் என்பதும் விளம்பரம்தானே? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

விளம்பரத்துக்கு நீங்கள் இடத்தை விலை கொடுத்து வாங்குகிறீர்கள். அதில் என்ன வர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்கிறீர்கள். செய்திக்குறிப்பு என்பது, உங்களிடம் நடந்த ஒன்றைச் செய்தியாளர் எடுத்து எழுதுவதற்கு ஏற்ற வடிவில் தொகுத்து அனுப்பும் அறிவிப்பு. அதை எடுத்துக்கொள்வதும், ஒதுக்குவதும், சுருக்குவதும், மாற்றுக் கருத்து ஒன்றைச் சேர்த்து வெளியிடுவதும் செய்தியாளரின் உரிமை.

1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து கவிழ்ந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்துக்காகப் பணியாற்றிய ஐவி லீ, நடந்ததை மறைக்காமல் எழுதிச் செய்தியாளர்களிடம் கொடுத்ததுடன், அவர்கள் விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். முதல் செய்திக்குறிப்பு என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது அதுதான். செய்தியாளருக்குத் தேவைப்படும் தகவலை அவர் கேட்பதற்கு முன்பே கொடுப்பது என்ற அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை.

2. பேக்லிங்க் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

வேறொரு தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பே பேக்லிங்க். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கி 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தைச் சுட்டும் இணைப்புகளை அப்பக்கத்துக்குக் கிடைத்த பரிந்துரைகளாகக் கருதியது; அதிலும், பரிந்துரைக்கும் பக்கம் எவ்வளவு மதிப்புள்ளதோ அவ்வளவுக்கு அதன் பரிந்துரையும் மதிப்புப் பெற்றது. இப்போது கூகுள் வேறு பல அளவுகோல்களையும் பயன்படுத்துகிறது என்றாலும் இணைப்புகளுக்கு இன்னும் இடம் உண்டு. பரிந்துரை என்ற சொல்லை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

3. ஒரு பிரஸ் ரிலீஸ் விட்டால் முந்நூறு தளங்களில் லிங்க் வரும் என்கிறார்கள். உண்மையா?

முந்நூறு தளங்களில் வருவது உண்மையாக இருக்கலாம். ஆனால் அங்கு வருவது முந்நூறு செய்திகள் அல்ல. ஒரே குறிப்பின் முந்நூறு நகல்கள். குறிப்புகளைப் பல தளங்களுக்கு அனுப்பிவைக்கும் விநியோகச் சேவையிடமிருந்து தானியங்கி ஓடை வழியாக அவை அத்தளங்களின் ஒரு மூலையில் போய் விழுகின்றன. அவற்றை எந்த ஆசிரியரும் படித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பாலான தளங்களின் முகப்பிலிருந்து அப்பக்கங்களுக்குப் போக வழியும் இருப்பதில்லை. ஒரே உரை பல இடங்களில் கிடக்கும்போது தேடுபொறி அவற்றில் ஒன்றைத் தேர்ந்து காட்டி மற்றவற்றை ஒதுக்கிவிடும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அத்தளங்களே பழைய குறிப்புகளை நீக்குவதும் வழக்கம்.

இந்தச் சேவைகள் பேக்லிங்க் தருவதற்காகத் தோன்றியவை அல்ல. பிஆர் நியூஸ்வயர் 1954லும் பிசினஸ் வயர் 1961லும் தொடங்கியபோது, குறிப்புகள் தொலையச்சுக் கருவி வழியாக நேரே செய்தி அலுவலகங்களுக்குப் போயின. வாசகர் கண்ணில் அவை படவே இல்லை. இணையம் வந்த பிறகுதான் அந்தக் குறிப்புகள் யாரும் பார்க்கக்கூடிய பக்கங்களாக மாறின, அவற்றிலுள்ள இணைப்புகளைச் சரக்காக விற்கும் பழக்கமும் பிறந்தது. 2012 டிசம்பரில், அப்போது கூகுளின் தேடல் குப்பைத் தடுப்புக் குழுவின் தலைவராக இருந்த மேட் கட்ஸ், செய்திக்குறிப்புத் தளங்களிலிருந்து வரும் இணைப்புகளால் தேடல் முடிவுகளில் தரவரிசை உயரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என வெளிப்படையாகவே கூறினார்.

4. நோஃபாலோ லிங்க் வந்தால் அது வீண்தானா?

நோஃபாலோ என்பது இணைப்பின் நிரல்வரியில் சேர்க்கப்படும் ஒரு குறி. "இந்த இணைப்பை என் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம்" என்று தேடுபொறிக்குச் சொல்வது அதன் பொருள். வலைப்பதிவுகளின் கருத்துப் பகுதிகளில் குவிந்த குப்பை இணைப்புகளைத் தடுப்பதற்காக 2005இல் கூகுள், யாஹூ, எம்எஸ்என் ஆகியவை அதைக் கொண்டுவந்தன. 2019 செப்டம்பரில் கூகுள், பணம் பெற்ற இணைப்புக்கு ஸ்பான்சர்ட் என்றும் பயனர்கள் எழுதுவனவற்றில் வரும் இணைப்புக்கு யூஜிசி என்றும் மேலும் இரு குறிகளை அறிமுகப்படுத்தியது. இக்குறிகளைக் கட்டளையாக அல்லாமல் குறிப்புதவியாக மட்டுமே எடுத்துக்கொள்வதாகவும் அப்போது அறிவித்தது.

தரவரிசைக்கு நோஃபாலோ இணைப்பை நம்பியிருக்க முடியாது. ஆனால் ஒரு வாசகர் அதைச் சொடுக்கி உங்கள் தளத்துக்கு வருவதை எந்தக் குறியும் தடுப்பதில்லை. பலர் படிக்கும் நாளிதழின் இணையப் பக்கத்திலுள்ள ஒரு நோஃபாலோ இணைப்பை, யாரும் பார்க்காத தளங்களிலுள்ள நூறு சாதாரண இணைப்புகளைவிட நான் மேலாக மதிக்கிறேன்.

5. அப்படியென்றால் பிரஸ் ரிலீஸ் எழுதுவதே தேவையில்லையா?

தேவைதான், அது எந்த வழியில் பலன் தருகிறது என்பதை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குறிப்புக்குள் நீங்களே வைத்த இணைப்பு, உங்களை நீங்களே பரிந்துரைத்துக்கொள்வது. அதைப் படித்த செய்தியாளர் தன் கட்டுரையில், தன் சொற்களில், தன் வாசகருக்குப் பயன்படும் என்று நினைத்து வைக்கும் இணைப்பே உண்மையான பரிந்துரை. முன்னதை உங்களால் எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்க முடியும். அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. பின்னதை உங்களால் உண்டாக்க முடியாது.

நான் எழுதிய குறிப்பு ஒன்று விநியோகச் சேவை வழியாகப் பல தளங்களில் ஒரே நாளில் வெளியானது. ஆறு மாதம் கழித்துத் தேடியபோது அவற்றில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே மிஞ்சியிருந்தன. அதே குறிப்பைப் படித்துவிட்டு ஒரு செய்தியாளர் தொலைபேசியில் கூடுதல் விவரம் கேட்டு எழுதிய ஒரே ஒரு கட்டுரை, இன்றும் அந்தத் தளத்துக்கு வாசகர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்த வேறு சிலர் எழுதியவற்றிலிருந்தும் இணைப்புகள் வந்தன. அதன் பிறகு, எத்தனை தளங்களில் வந்தது என்ற கணக்கை யாருக்கும் பலனாகக் காட்டுவதை நான் நிறுத்திவிட்டேன்.

6. என் தளத்தில் செய்தியாகச் சொல்ல எதுவுமே இல்லையே, என்ன எழுதுவது?

தளத்தின் தோற்றத்தை மாற்றியதும், புதிய சின்னம் வைத்ததும், ஆண்டுவிழா கொண்டாடியதும் உங்களுக்கு முக்கியம். வெளியாருக்கு அவை செய்தி அல்ல. "இது தெரியாமல் போனால் யாருக்கு இழப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் உங்கள் ஊழியர்களைத் தவிர வேறு யாராவது வந்தால் அங்கே செய்தி இருக்கிறது.

பெரும்பாலான தளங்கள் தம்மிடமுள்ள செய்தியைக் கவனிப்பதில்லை. மிதிவண்டி உதிரிபாகம் விற்கும் தளத்தை எடுத்துக்கொள்வோம். எந்தப் பாகம் எந்த மாதத்தில் அதிகம் விற்கிறது, வாடிக்கையாளர்கள் எந்தப் பழுதைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள் என்ற விவரம் அதனிடம் மட்டுமே உண்டு. தனிப்பட்டோர் விவரம் எதுவும் வெளிப்படாதபடி அதைத் தொகுத்து, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் சொல்லி வெளியிட்டால், மிதிவண்டி பற்றி எழுதும் எவருக்கும் அது மேற்கோள் காட்டத்தக்க மூலம் ஆகிவிடும். இலவசமாகத் திறந்துவிடும் கருவி, துறை வல்லுநருடன் சேர்ந்து செய்த ஆய்வு, உங்கள் தரப்புத் தவற்றை ஒப்புக்கொண்டு திருத்திய அறிவிப்பு ஆகியவையும் செய்திதான். எதுவும் இல்லையென்றால் காத்திருங்கள். செய்தி இல்லாமல் அனுப்பும் குறிப்பு, அடுத்த முறை செய்தியோடு அனுப்பும் குறிப்பையும் திறக்கவிடாமல் செய்துவிடும்.

7. சரி, எப்படி எழுத வேண்டும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

என் மேசைக்கு வரும் வரைவுகளின் தலைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "முன்னணி மிதிவண்டி இணையதளம் தன் புரட்சிகரமான புதிய சேவையை அறிமுகப்படுத்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறது". இதில் தகவல் என்று ஒன்றும் இல்லை. அதையே "மிதிவண்டிப் பழுதை வீட்டிலேயே சரிசெய்ய 300 படவிளக்கங்கள்: இணையத்தில் இலவசமாக வெளியீடு" என்று மாற்றினால், என்ன, எவ்வளவு, யாருக்கு, என்ன விலை என்ற நான்கும் தலைப்பிலேயே வந்துவிடுகின்றன.

அதன் கீழே இடமும் தேதியும் வர வேண்டும். முதல் பத்தியில் யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்பவற்றுக்கு விடை இருக்க வேண்டும். செய்தியாளர் அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துப் போட்டாலும் செய்தி முழுமையாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த பத்திகளில் முக்கியத்துவம் குறையும் வரிசையில் விவரங்கள் வரட்டும், ஏனெனில் இடம் போதாதபோது வெட்டு கீழிருந்துதான் விழும். பொறுப்பில் உள்ளவரின் மேற்கோள் ஒன்று போதும்; அது அவர் உண்மையில் சொன்னதாகவும், குறிப்பில் வேறெங்கும் இல்லாத ஒரு கருத்தாகவும் இருக்கட்டும். இறுதியில் உங்கள் தளத்தைப் பற்றிய இரண்டு மூன்று வரி அறிமுகமும், அழைத்தால் எடுக்கும் ஒருவருடைய பெயரும் எண்ணும் வேண்டும். மொத்தம் ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை.

8. குறிப்புக்குள் எத்தனை லிங்க் வைக்கலாம்? கீவேர்டில் வைக்கலாமா?

ஒன்றோ இரண்டோ போதும். அவையும் உங்கள் தளத்தின் பெயரிலோ முழு முகவரியிலோ இருக்கட்டும். "விலை குறைந்த மிதிவண்டி", "சிறந்த மிதிவண்டி உதிரிபாகம்" போன்ற தேடுசொற்களின் மீது இணைப்பு வைக்காதீர்கள். 2013 ஜூலையில் கூகுள் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது, பிற தளங்களில் பரப்பப்படும் கட்டுரைகளிலும் செய்திக்குறிப்புகளிலும் தேடுசொற்களின் மேல் வைக்கப்படும் இணைப்புகளை விதிமீறலாகவே குறிப்பிட்டது. அதற்கு அது காட்டிய எடுத்துக்காட்டு, திருமண மோதிரம் பற்றிய ஒரு பத்தியில் மோதிரம், பூ, திருமண உடை என்று சொல்லுக்குச் சொல் இணைப்பு வைத்திருப்பது.

விநியோகச் சேவை வழியாகப் போகும் குறிப்பில் உள்ள இணைப்புகளுக்கு நோஃபாலோ குறி இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். "எங்களிடம் அந்தக் குறி கிடையாது, எல்லாம் முழு மதிப்புள்ள இணைப்புகள்" என்று ஒரு சேவை பெருமையாகச் சொன்னால், அதிலிருந்து விலகி இருப்பதே நல்லது.

9. லிங்க்கை முகப்புப் பக்கத்துக்குக் கொடுப்பதுதானே நல்லது?

வேண்டாம். செய்தி எதைப் பற்றியதோ அந்தப் பக்கத்துக்கே கொடுங்கள். செய்தியாளர் கட்டுரை எழுதும்போது உங்கள் குறிப்பில் உள்ள முகவரியையே பெரும்பாலும் எடுத்துப் போடுவார். முழு அட்டவணை, கணக்கிட்ட முறை, பெரிய அளவிலான படங்கள் ஆகியவை அந்தப் பக்கத்தில் இருந்தால் இணைப்பு கொடுக்க அவருக்கே ஒரு காரணம் கிடைக்கும். எல்லாவற்றையும் குறிப்பிலேயே சொல்லி முடித்துவிட்டால் அவருடைய வாசகர் உங்கள் தளத்துக்கு வர வேண்டிய அவசியம் இல்லாமல் போகும். அந்தப் பக்கத்தின் முகவரியைப் பின்னாளில் மாற்றாதீர்கள்; மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்குத் தானாகவே கொண்டுசெல்லும் நிரந்தரத் திசைதிருப்பல் வையுங்கள்.

10. இலவசமாகப் போட நிறைய தளங்கள் இருக்கின்றன. அவை போதாதா?

செய்தியாளர்கள் அங்கே வந்து செய்தி தேடுவதில்லை என்பதால் அவற்றில் நேரம் செலவிட நான் பரிந்துரைப்பதில்லை. கட்டணச் சேவைக்கும் குறிப்பிட்ட சில இடங்களில்தான் பயன் உண்டு: பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒரு தகவலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்க வேண்டியிருக்கும்போதும், பல நாடுகளின் செய்தி அலுவலகங்களை ஒரே நாளில் எட்ட வேண்டியிருக்கும்போதும் அது உதவும். சிறிய இணையதளத்துக்கு, துறை சார்ந்து எழுதும் இருபது செய்தியாளர்களின் பட்டியலைத் தானே தயாரித்துக்கொள்வது இரண்டையும்விடப் பயன் தரும்.

11. செய்தியாளருக்கு நேரடியாக மெயில் அனுப்பினால் எரிச்சலடைய மாட்டாரா?

அவருக்குத் தொடர்பில்லாததை அனுப்பினால் நிச்சயம் எரிச்சலடைவார். அனுப்புவதற்கு முன் அவர் அண்மையில் எழுதிய நான்கைந்து கட்டுரைகளையாவது படியுங்கள். பிறகு, "மிதிவண்டிப் பாதைகள் பற்றிய தங்கள் கட்டுரையில், பழுதுபார்க்க ஆள் கிடைக்காத சிரமத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது தொடர்பாக எங்களிடம் உள்ள விவரம் பயன்படலாம் என்று நினைக்கிறேன்" என்று தொடங்கி, செய்தியை மூன்று வரிகளில் சொல்லி, குறிப்பை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டுங்கள். கோப்பாக இணைத்தால் பலர் திறப்பதில்லை. ஒரே மின்னஞ்சலை ஐம்பது முகவரிகளுக்கு ஒன்றாக அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால் சில நாள் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டலாம்.

12. எம்பார்கோ போட்டு அனுப்பலாமா?

குறிப்பிட்ட நேரம் வரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளே எம்பார்கோ. செய்தியாளர் ஒப்புக்கொண்டால்தான் அது அவரைக் கட்டுப்படுத்தும். எனவே முதலில் ஒப்புதல் கேட்டுவிட்டு, அதன் பிறகு முழுக் குறிப்பை அனுப்புங்கள். ஆழ்ந்து படிக்க வேண்டிய ஆய்வுக்கு இது உதவும். சாதாரண அறிவிப்புக்குத் தேவையில்லை.

13. செய்தி வந்துவிட்டது, ஆனால் லிங்க் தரவில்லை. கேட்டு வாங்கலாமா?

ஒருமுறை, பணிவாகக் கேட்கலாம். முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு, வாசகர்கள் முழு அட்டவணையைப் பார்க்க விரும்பினால் அது இன்ன முகவரியில் இருக்கிறது என்று தெரிவியுங்கள். உங்கள் தரவரிசையைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அவருடைய வாசகருக்கு என்ன பயன் என்பதே அவர் எடுத்துக்கொள்ளக்கூடிய காரணம். சில நாளிதழ்கள் வெளித்தளங்களுக்கு இணைப்பு கொடுப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கின்றன; அங்கே வற்புறுத்தினால் உறவுதான் கெடும். பெயர் மட்டும் வந்தாலும், அதைப் பார்த்துவிட்டுத் தேடி வருவோர் உண்டு.

14. பணம் கொடுத்தால் செய்தி போலவே, லிங்க்குடன் போடுகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

அது முதல் கேள்வியில் சொன்ன விளம்பரமே. விளம்பரம் என்று வாசகருக்குத் தெரியும்படி அறிவித்து, இணைப்புக்கு ஸ்பான்சர்ட் குறியும் வைத்தால் அதில் தவறு இல்லை; தரவரிசைப் பலனும் இல்லை. அந்த அடையாளங்கள் இல்லாமல் போடுவதாகச் சொன்னால், அது இணைப்பை விற்பது. வாங்குபவர், விற்பவர் இருவர்மீதும் கூகுள் நடவடிக்கை எடுக்கலாம். தேடலில் நற்பெயர் உள்ள தளங்கள், அந்தப் பெயரைப் பயன்படுத்திக்கொள்வதற்கென்றே பிறர் தரும் உள்ளடக்கத்தை வெளியிடுவதையும் 2024 மார்ச்சில் கூகுள் விதிமீறல் பட்டியலில் சேர்த்து, அதே ஆண்டு மே முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. என்னைக் கேட்டால், வாசகரை ஏமாற்றி வரும் இணைப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

15. அதே குறிப்பை என் தளத்திலும் போட்டால் டூப்ளிகேட் என்று தண்டனை வருமா?

வராது. ஒரே உரை இரண்டு இடங்களில் இருப்பதற்காகக் கூகுள் தண்டிப்பதில்லை. மூன்றாம் கேள்வியில் சொன்னபடி அவற்றில் ஒன்றைத் தேர்ந்து காட்டும், அவ்வளவுதான். உங்கள் தளத்தில் முதலில் வெளியிட்டுவிட்டுப் பிறகு அனுப்புங்கள். என் பழக்கம், தளத்தில் போடும்போது அதைக் குறிப்பாக அல்லாமல் விரிவான கட்டுரையாக, படங்களும் அட்டவணையும் சேர்த்து எழுதுவது. ஒன்பதாம் கேள்வியில் சொன்ன பக்கமாக அதுவே பயன்படும்.

16. முன்பு கீவேர்ட் லிங்க்குகளுடன் பல குறிப்புகள் விட்டிருக்கிறோம். இப்போது என்ன செய்வது?

பதற வேண்டாம். 2012 ஏப்ரலில், போலி இணைப்புகளைக் கண்டறியும் பென்குயின் என்ற கூகுள் நெறிமுறை வந்தபோது, இப்படிப்பட்ட இணைப்புகளால் பல தளங்கள் தரவரிசையில் சரிந்தன. 2016 செப்டம்பரில் அது கூகுளின் மைய நெறிமுறையில் சேர்க்கப்பட்ட பிறகு, போலி இணைப்புகள் பெரும்பாலும் மதிப்பிழக்கின்றனவே தவிர, அவற்றால் தளம் முழுவதும் தாழ்த்தப்படுவது குறைந்துவிட்டது.

தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கைமுறை நடவடிக்கை என்ற பகுதியைப் பாருங்கள். இயல்பற்ற இணைப்புகள் பற்றிய அறிவிப்பு இருந்தால், வெளியிட்ட தளங்களுக்கு எழுதி அவற்றை நீக்கவோ நோஃபாலோ ஆக்கவோ கேளுங்கள். முடியாதவற்றுக்கு மட்டும், குறிப்பிட்ட இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்ல 2012 முதல் இருந்துவரும் டிஸ்அவோ கருவியைப் பயன்படுத்தி, மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். அறிவிப்பு எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் அக்கருவியைத் தொடத் தேவையில்லை. புரியாமல் பயன்படுத்தி நல்ல இணைப்புகளையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

17. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா?

வரைவைச் சுருக்கவும் எழுத்துப் பிழை பார்க்கவும் பயன்படுத்தலாம். எண்களையும் பெயர்களையும் நீங்களே மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். யாரும் சொல்லாத மேற்கோளை அது எழுதித் தரும்போது, உரியவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் அவர் பெயரில் அனுப்பாதீர்கள். ஒரே ஒரு எண் தவறாக வெளிவந்தாலும் திருத்தம் போட வேண்டியவர் செய்தியாளர்தான், அதை அவர் மறக்க மாட்டார்.

18. பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எவ்வளவு நாள் ஆகும்?

விநியோகச் சேவை தரும் அறிக்கையில் பெரிதாகத் தெரியும் "எட்டக்கூடிய வாசகர்" எண்ணிக்கையை ஒதுக்கிவிடுங்கள். அது குறிப்பு வெளியான தளங்களின் மொத்த வாசகர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது, உங்கள் குறிப்பைப் படித்தவர்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் அனுப்பும் முகவரியின் இறுதியில், வந்த வழியைக் காட்டும் யுடிஎம் குறிகளைச் சேர்த்தால், எங்கிருந்து எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்கள் தளத்தின் புள்ளிவிவரக் கருவியில் தெரியும். செய்தியாளருக்குக் கொடுக்கும் முகவரியில் மட்டும் அவற்றைச் சேர்க்காதீர்கள். நீண்ட முகவரியைக் கண்டால் அவர் வெட்டிவிடுவார், அல்லது அப்படியே கட்டுரையில் போய் நிற்கும்.

சர்ச் கன்சோலின் இணைப்புகள் பகுதியை வெளியீட்டுக்கு முன்பு ஒருமுறையும், ஒன்று, மூன்று, ஆறு மாதங்களில் மீண்டும் பதிவிறக்கி ஒப்பிடுங்கள். புதிதாக வந்தவற்றில் நகல்களை ஒரு பக்கமும், ஒருவர் உட்கார்ந்து எழுதியவற்றை மறுபக்கமும் பிரித்து வையுங்கள். இரண்டாவது பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தாலே அந்தக் குறிப்பு நன்றாக வேலை செய்திருக்கிறது என்று நான் கணக்கிடுவேன். அந்த மூவருக்கும் நன்றி தெரிவித்து ஒரு வரி எழுதி, அவர்கள் பெயரைப் பத்தாம் கேள்வியில் சொன்ன பட்டியலின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.